பல்லவி திரும்ப வரும்போது காலுக்கு என்ன ஆகிறது?

இடது கணைக்கால் எலும்பின் மேல் ஒரே ஒரு இடம். விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்குத்தான் இருந்தது. அங்கே அழுத்தியதும், என்னிடம் சிகிச்சைக்கு வந்த அந்த இளம் பாலே (மேற்கத்தியச் செவ்வியல் நடனம்) கலைஞர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மூன்று வாரமாக வலிக்கிறதாம். ஆடும்போது தெரிவதில்லை, இரவில் படுத்தால்தான் விண்விண் என்று தெறிக்கிறதாம்.

புதிதாக என்ன ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பாப் பாட்டு, நான்கு நிமிடம்கூட வராது என்றார். அலைபேசியில் அதைப் போடச் சொல்லி, அசைவுகளைக் கையால் காட்டச் சொன்னேன். பல்லவி வந்ததும் எண்ணத் தொடங்கினேன். எட்டுக் குதிப்பு, எட்டும் இடது காலில் இறங்குகின்றன. பாட்டில் பல்லவி மூன்று முறை வருகிறது, மூன்று முறையும் அதே அசைவுதான். ஆக 24. அரங்கேற்றம் நெருங்கியதால் ஒரு நாளைக்குப் பத்து முறை முழுப் பாட்டையும் ஓட்டியிருக்கிறார்கள். ஒரே காலில் 240 இறக்கம்! காலை வகுப்பில் குதிப்பதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை.

நான் இயன்முறை மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நடனக் கலைஞர்கள். வெகுஜனப் பாட்டுக்கு பாலே ஆடக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த மேடைப் படைப்புகளில் பல அந்த வகைதான். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது காலை யாரும் கேட்பதில்லை.

செவ்வியல் பாலேயில் இசைக்குழு இருக்கும், அதை வழிநடத்த இசை நடத்துநர் இருப்பார். மேடையில் இருப்பவர் குதித்து இறங்கும் வரை அவரால் ஒரு நொடி தாளத்தை இழுத்துப் பிடிக்க முடியும். ஜோடி நடனத்தில் ஒருவர் தனியாக ஆடும்போது மற்றவர் ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. நீங்கள் களைத்திருந்தாலும் அதே வேகம்தான், கால் தடுமாறினாலும் அதே வேகம்தான். இன்னொன்று, துள்ளலான பாட்டு களைப்பை மறக்கச் செய்யும். உடற்பயிற்சிக் கூடத்தில் பாட்டுப் போடுவதே அதற்காகத்தானே. ஒத்திகை அறையிலும் அதே கதைதான். வலிக்கிறது என்று கால் சொல்ல வேண்டிய நேரத்தில் காதுக்குள் பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், மேற்கத்தியப் பாப் இசையின் துடிப்பு உடலைத் தரையை நோக்கி இழுக்கும். பாலே பயிற்சியோ சிறு வயதிலிருந்தே உடலை மேலே தூக்கச் சொல்லித் தரும். இரண்டையும் ஒரே உடலில் ஏற்றும்போது கணுக்காலும் குதிகால் நாணும்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி விசையை வாங்கிக்கொள்வதற்கு பிளியே என்று பெயர். தாளம் விரட்டும்போது முதலில் சுருங்குவது இந்த பிளியேதான். குதிகால் தரையைத் தொடுவதற்குள் அடுத்த குதிப்பு வந்துவிடுகிறது. மெதுவாக ஓடவிட்ட ஒத்திகைக் காணொளிகளில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பெரிய நடன அமைப்பாளர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தால் எனக்கு நிறையக் கிடைக்கிறது. 1973இல் ஜாஃப்ரி பாலே என்ற அமெரிக்கக் குழுவுக்காக ட்வைலா தார்ப், பீச் பாய்ஸ் என்ற பாப் குழுவின் பாட்டுகளுக்கு ‘டியூஸ் கூப்’ அமைத்தார். தன் குழுவினரையும் பாலே கலைஞர்களையும் ஒரே மேடையில் கலந்தார். சுற்றிலும் எல்லோரும் பாட்டோடு குலுங்கி ஆட, ஒரு பெண் மட்டும் செவ்வியல் அசைவுகளை அகரவரிசைப்படி செய்துகொண்டே போவார். இரண்டு வகை உடல்மொழியும் ஒரே மேடையில் இருந்தாலும் எல்லாச் சுமையும் ஒரே ஆளின் காலில் விழவில்லை. அதே தார்ப் 2002இல் பாடகர் பில்லி ஜோயலின் பாட்டுகளை வைத்து நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ‘மூவின் அவுட்’ செய்தபோது பாட்டுக் குழு நேரடியாக வாசித்தது. பிராட்வே வழக்கப்படி வாரத்துக்கு 8 காட்சிகள். முக்கிய வேடங்களுக்குப் பகல் காட்சிகளில் வேறு ஆட்கள் ஆடினார்கள். அத்தனை கடினமான ஆட்டத்தை ஒரே உடல் எட்டுக் காட்சியும் தாங்காது என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. எங்கள் துறையில் இதை மிக முக்கியமான முடிவு என்பேன்.

வெய்ன் மெக்ரெகர் 2006இல் ராயல் பாலேவுக்கு ‘குரோமா’ அமைத்தார். அதில் தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ராக் பாட்டுகளை, இசைக்குழு நேரில் வாசிக்கும்படி இசையமைப்பாளர் ஜோபி டால்பட் மாற்றி எழுதியிருந்தார். ராக்கின் வேகம் அப்படியே இருந்தது, ஆனால் மேடையைப் பார்த்து வாசிக்க ஆட்கள் இருந்தார்கள். வில்லியம் ஃபோர்சைத் 2016இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்காக ஜேம்ஸ் பிளேக்கின் ஏழு பாட்டுகளுக்கு அமைத்தது ‘பிளேக் வொர்க்ஸ் ஒன்’. பதிவு செய்த இசைதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குதிப்பு என்று அவர் வைக்கவில்லை. அசைவு தாளத்துக்குக் குறுக்கே போகிறது, சில இடங்களில் பின்தங்கி வந்து சேர்ந்துகொள்கிறது. உடலுக்கு இடைவெளி அங்கேதான் கிடைக்கிறது.

காலணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜஸ்டின் பெக் 2017இல் நியூயார்க் சிட்டி பாலேவுக்காக டான் டீக்கனின் மின்னணு இசைக்கு ‘தி டைம்ஸ் ஆர் ரேசிங்’ அமைத்தபோது எல்லோரும் ஸ்னீக்கர்ஸ் போட்டு ஆடினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்னீக்கர்ஸ் மெத்தென்று இருக்கிறது, காலுக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இறங்கும்போது உதவும், சரி. சுழலும்போது ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். பாதம் நிற்க, உடல் திரும்ப, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மாற விரும்பினால் சில வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். அரங்கேற்றத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாற்றாதீர்கள்.

நடன அமைப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பல்லவியை எண்ணுங்கள். ஒவ்வொரு காலிலும் எத்தனை இறக்கம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது பல்லவியில் காலை மாற்றினால் பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. முழு வேகத்தில் ஓட்டும் ஒத்திகைகளுக்கு ஒரு எண்ணிக்கை வையுங்கள். மற்ற நேரத்தில் மார்க்கிங் போதும், குதிக்காமல் இடத்தையும் கணக்கையும் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆடுபவர்களே, தசைவலி பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். எலும்பின் மேல் ஒரே இடத்தில் குத்துவது, ஓய்விலும் இரவிலும் தெறிப்பது, அந்தக் காலில் ஒற்றைக் குதி குதித்தால் அதே இடம் வலிப்பது, இவை வேறு. மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று திரும்பவும் குதிக்கக் கிளம்பாதீர்கள். மாதவிடாய் தவறிக்கொண்டிருந்தாலோ, எடை குறைக்க உணவைச் சுருக்கியிருந்தாலோ தயங்காமல் சொல்லுங்கள். போதிய சாப்பாடு இல்லாத உடலில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளாது.

அந்த இளம் கலைஞருக்கு எம்ஆர்ஐ எடுத்ததில் எலும்பில் அழுத்தக் காயம், அதாவது திரும்பத் திரும்ப விழுந்த சுமையால் வந்த காயம் என்று தெரிந்தது. விரிசலாகும் முன்பே பிடித்துவிட்டோம். குதிப்பதை நிறுத்தினார். அழுதார். பத்து வாரம் கழித்து ஒத்திகை அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய நடன அமைப்பாளர் இரண்டாவது பல்லவியை வலது காலுக்கு மாற்றியிருந்தார். மூன்றாவதில் குதிப்பே இல்லை. சுற்றி எல்லோரும் ஆட, இவர் மட்டும் நடுவில் அசையாமல் நின்று கைகளை மெல்ல விரிக்கிறார். முழுப் பாட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.