மருத்துவக் கண்டுபிடிப்பில் உங்கள் பெயர் வர என்ன விதி?

டாக்டர் பட்டம் இல்லாத ஒருவர் ஒரு நோயைப் பற்றிப் புதிதாக ஏதோ கவனித்துவிட்டார். அதில் அவர் பெயர் வருமா? வரும். ஆனால் ஏற்கெனவே இயற்கையில் இருப்பதை முதலில் கவனிப்பது வேறு, இல்லாத ஒன்றை உருவாக்குவது வேறு. தமிழில் இரண்டையும் 'கண்டுபிடிப்பு' என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. காப்புரிமை (பேட்டன்ட்) இரண்டாவதற்குத்தான். முதலாவதற்கு வழி ஆய்வுக் கட்டுரை.

ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் ஓய்வுபெற்ற செவிலியர், ஆய்வாளர் அல்ல. கணவருக்குப் பார்க்கின்சன் நோய் உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் உடல் வாசனை மாறியதை உணர்ந்தவர். ஆய்வாளர்கள் பலர் அணிந்த சட்டைகளைக் கொடுத்து முகரச் சொன்னார்கள். நோயே இல்லாத ஒருவரின் சட்டையிலும் அந்த வாசனை இருக்கிறது என்றார் ஜாய். சரி, இது மட்டும் தவறு என்று வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த நபருக்கும் பார்க்கின்சன் என்று தெரிந்தது! இதைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஜாயின் பெயரும் இருக்கிறது.

மருத்துவ இதழ்கள் பரவலாகப் பின்பற்றும் விதிப்படி ஆசிரியராக நான்கு நிபந்தனைகள் உண்டு: ஆய்வின் யோசனையிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பது. பட்டம் வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் தகவலை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் நன்றி சொல்லும் பகுதியோடு சரி. அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே, 'வரைவை நானும் படித்துத் திருத்தலாமா?' என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கருவியோ புதிய மருந்துக் கலவையோ உருவாக்கியிருந்தால் காப்புரிமைக்குப் போகலாம். உருவாக்கியவரின் பெயர் அதில் குறிப்பிடப்பட வேண்டும் என்பது காப்புரிமை போன்றவற்றுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கை தரும் உரிமை. காப்புரிமை ஒரு நிறுவனத்தின் பேரில் இருந்தாலும்கூட. விண்ணப்பிக்கும் முன் வெளியே சொல்லிவிடாதீர்கள். வெளியே சொன்ன பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்கா ஓராண்டு சலுகை தருகிறது. ஐரோப்பாவில் பொதுவாக அது கிடையாது, ஒரு காணொளி போட்டாலே காப்புரிமைக்குத் தேவையான 'புதியது' என்ற தகுதி போய்விடும். ஒரு நாட்டில் விண்ணப்பித்த பின் மற்ற நாடுகளிலும் அந்த முதல் தேதியே கணக்கில் வரும்படி விண்ணப்பிக்க 12 மாதம் அவகாசம் உண்டு. சிகிச்சை முறைக்கு மட்டும் பல நாடுகளில் காப்புரிமை இல்லை.

பாட்டி வைத்தியத்தை எடுத்துக்கொண்டு போனாலும் நடக்காது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்தார்கள். இது காலங்காலமாகத் தெரிந்ததுதான் என்று இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டியதும் 1997-இல் ரத்தானது.

அப்புறம், நிரூபிக்கும் அவசரத்தில் உங்கள் மருந்தைப் பிறருக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மனிதர்மீதான சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பவரின் ஒப்புதலும் வேண்டும். இல்லாவிட்டால் நல்ல இதழ் எதுவும் அந்த முடிவை வெளியிடாது.