‘உலகளாவிய சமூகக் கட்டணம்’ என்று ஒன்று கிடையாது

அயர்லாந்தின் பட்ஜெட்டைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தவர்கள் கையில் ஒரு பூதம் தவறாமல் அகப்படுகிறது: ‘உலகளாவிய சமூகக் கட்டணம்’. மூலம் யுனிவர்சல் சோஷியல் சார்ஜ். ஊர்க்காரர்கள் யூ.எஸ்.சி. என்பார்கள். தமிழில் படிப்பவருக்கோ ஏதோ ஐ.நா. வசூலிக்கும் சந்தா போலவோ, சமூகநலக்கூடத்து வாடகை போலவோ தோன்றும். உண்மையில் இது சம்பளத்தில் பிடிக்கிற வரி.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். 2010 டிசம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் இதை அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.எம்.எஃப்.பும் அயர்லாந்தைக் கடனில் தூக்கி நிறுத்தியிருந்த நேரம் அது. அதுவரை இருந்த வருமான லெவி, சுகாதார லெவி என்ற இரு பிடித்தங்களையும் எடுத்துவிட்டு, 2011 ஜனவரி 1 முதல் ஒரே பிடித்தமாக்கினார்கள். மொத்த வருமானத்தின்மேல் கணக்கு. ஓய்வூதியத்துக்குக் கட்டும் தொகையைக் கழித்துக்கொள்ள முடியாது. வருமான வரிக்குக் கிடைக்கும் வரிக்கழிவுகளும் இங்கே செல்லாது.

சார்ஜ் என்ற சொல்லின் பிறப்பு: வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பிற்கால லத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடியில் இருப்பது ‘கர்ருஸ்’, அதாவது வண்டி. அதையும் லத்தீன்காரர்கள் இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த ‘கால்’ நாட்டுக் கெல்ட்டியரிடமிருந்துதான் வாங்கினார்கள். கார், கார்கோ எல்லாம் இதன் பங்காளிகள். யுனிவர்சல் என்பதற்கு மூலப்பொருள் ‘ஒன்றாகத் திரண்ட’. அவ்வளவுதான், உலகம் அதற்குள் பிற்பாடு வந்து புகுந்தது.

இனி வழக்குக்கு வருவோம்.

‘உலகளாவிய’ என்பது அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியது. இங்கே யுனிவர்சல் என்றால் ‘எல்லார்மேலும்’ என்று பொருள். தமிழுக்கு இது புதுச் சிக்கலும் அல்ல. 1931இல் இலங்கைக்கு வந்த யுனிவர்சல் சஃப்ரேஜைச் ‘சர்வசன வாக்குரிமை’ என்றுதான் அங்கே எழுதினார்கள். உலகளாவிய வாக்குரிமை என்று யாரும் உளறவில்லை. அன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு இருந்த நிதானம் இன்றைக்கு எங்கே போயிற்று?

‘கட்டணம்’ அதைவிட மோசம். பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மின் கட்டணம் எல்லாவற்றிலும் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பணம் கட்டுகிறோம். பேருந்தில் ஏறாதவன் கட்ட வேண்டாம். யூ.எஸ்.சி.க்குப் பதிலாக எதுவும் கிடைப்பதில்லை. பணம் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. ஓய்வூதியம், வேலையில்லாக் காலப் படி போன்ற உரிமைகளைத் தருவது பி.ஆர்.எஸ்.ஐ. என்ற தனிப் பிடித்தம். ‘சமூகக் காப்பீடு’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். யூ.எஸ்.சி.யில் உள்ள ‘சோஷியல்’ வெறும் அலங்காரம். அந்தக் குற்றம் பெயர் வைத்த டப்ளின் அரசைச் சேரும், மொழிபெயர்ப்பாளரைச் சேராது.

இது சும்மா சொல் சண்டை இல்லை. கட்டணமா வரியா என்ற கேள்வியில்தான் பத்தாண்டு ஐரிஷ் அரசியல் நடந்தது. தண்ணீர் சார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் வைத்துப் பயன்பாட்டுக்கு ஏற்பப் பணம் என்று தொடங்கினார்கள். அப்போது அது கட்டணம். போராட்டம் வலுத்ததும் 2014 நவம்பரில் பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 160 யூரோ, மற்ற வீடுகளுக்கு 260 யூரோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். உச்சத்தைத் தொட்ட பிறகு குழாயைத் திறந்தே விட்டாலும் அதே தொகை என்றால் அது கட்டணமா? ‘ஏற்கெனவே வரியில் கட்டியதற்கு மறுபடியும் வரி’ என்று எதிர்த்தவர்கள் கேட்டதில் வலு இருந்தது. தண்ணீர் வழங்கிய ஐரிஷ் வாட்டர் என்ற அரசு நிறுவனம் தன் செலவைத் தன் வருவாயால் போதிய அளவு ஈடுகட்டவில்லை என்று சொல்லி, ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் அதை 2015இல் அரசுக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. 2016இல் வசூல் நின்றது. 2017இல் சட்டமே மாறி, கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. எல்லா சார்ஜுக்கும் ‘கட்டணம்’ என்று எழுதுகிறவரால் இந்தத் தகராற்றை வாசகருக்கு விளக்கவே முடியாது. 2012இல் வீட்டுக்கு 100 யூரோ என்று விதித்த ஹவுஸ்ஹோல்டு சார்ஜை ‘வீட்டுக் கட்டணம்’ என்றால், நம் வாசகர் அதை மாத வாடகை என்றுதான் நினைப்பார்.

இன்னொரு முன்மொழிவு ‘சமூக மேல்வரி’. இதைச் சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்; இந்தியாவின் செஸ்ஸை நினைத்துச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், செஸ் அயர்லாந்திலும் வாழ்ந்த சொல். 1898 வரை அங்கே ‘கவுண்ட்டி செஸ்’ என்ற உள்ளூர் வரி இருந்தது. ஆனாலும் பொருந்தாது. இந்திய வருமான வரியில் 4% செஸ் என்பது வரியின்மேல் வரி. வரி பூஜ்யம் என்றால் செஸ்ஸும் பூஜ்யம். யூ.எஸ்.சி. எதன் மேலும் ஏறி உட்காரவில்லை. 2025 விகிதப்படி 20,000 யூரோ சம்பளக்காரர் ஒருவருக்கு வருமான வரி 4,000. அவருக்குரிய இரண்டு வரிக்கழிவும் சேர்ந்து 4,000. ஆக வரி இல்லை. யூ.எஸ்.சி. மட்டும் 219.82 யூரோ போகும். அடியில் வரியே இல்லாதபோது ‘மேல்’வரி எங்கிருந்து வரும்?

அப்படியானால் வெறும் ‘வரி’ என்றே எழுதிவிடலாமா? பொருளில் சரி. ஆனால் டாக்ஸ் என்ற சொல்லைப் பெயரில் தவிர்த்தது அரசின் தெரிவு. அதை நாம் திருத்தக் கூடாது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ‘தீர்வை’ இருக்கிறது: நிலத்தீர்வை, ஆயத்தீர்வை, சுங்கத்தீர்வை. கட்டாயம் இருக்கிறது, கைமாறு இல்லை, பெயரில் ‘வரி’யும் இல்லை. ஐரிஷ் மொழியில் யூ.எஸ்.சி.யின் பெயரிலுள்ள ‘முயிரர்’ என்ற சொல்லுக்குப் பாரம், பொறுப்பு, பேணவேண்டிய குடும்பம் என்றெல்லாம் பொருள் உண்டு. அதைப் பார்த்துச் ‘சுமை’ என்று வைக்க ஆசை வரும். ஆனால் சுமை என்பது எதிர்க்கட்சிக்காரர் வாய்ச்சொல்.

ஆக, யுனிவர்சலுக்குப் ‘பொது’ வைத்து, ‘சமூகப் பொதுத் தீர்வை’. சொற்களை முன்பின்னாக மாற்றிப் ‘பொதுச் சமூகத் தீர்வை’ என்று எழுத வேண்டாம். ‘பொதுச் சமூகம்’ ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தந்துவிடும். இந்தப் ‘பொது’வுக்கும் ஓட்டை உண்டு: ஆண்டுக்கு 13,000 யூரோவரை வருமானம் உள்ளவருக்குத் தீர்வையே இல்லை. 13,001 ஆனால் முதல் யூரோவிலிருந்தே கணக்குத் தொடங்கி 79.84 யூரோ விழும். வரம்புக்கு மேலுள்ள தொகைக்கு மட்டும் தீர்வை என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை.

கட்சிகளின் வாக்குறுதிகளைப் பெயர்க்கும்போதும் தொகையைப் பாருங்கள். 45,000 யூரோ சம்பளத்துக்கு 2011இல் இந்தத் தீர்வை 2,468.80 யூரோ, 2025இல் 896. யூ.எஸ்.சி.யையே ஒழிப்போம் என்று 2016 தேர்தலில் சொன்ன ஃபினே கேல் கட்சி 76 இடங்களிலிருந்து 50க்கு இறங்கியது, தீர்வை ஒழியாமல் நிலைத்துவிட்டது. 2024இல் சின் ஃபெய்ன் கட்சி சொன்னது முதல் 45,000 யூரோவுக்கு மட்டும் நீக்கம். முன்னது ‘ஒழிப்பு’, பின்னது ‘விலக்கு’. இரண்டுக்கும் ‘ரத்து’ என்று ஒரே சொல்லைப் போட்டால் இரு கட்சிகளும் ஒன்றையே சொன்னதாகிவிடும்.