2000ஆம் ஆண்டுத் தயார்நிலை வெளிப்படுத்தல்

‘இயர் 2000 ரெடினஸ் டிஸ்குளோஷர்’. 1998 கடைசியிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் பல, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய அறிக்கைகளின் தலையில் இந்த வரியை அச்சிட்டன. ஒய்2கே கோளாறுக்கு எந்த அளவுக்குத் தயாராகிவிட்டோம் என்று சொல்லும் அறிக்கை அது.

‘ஒய்’ ஆண்டு, ‘கே’ ஆயிரம். 1995இல் டேவிட் எடி என்ற நிரலாளர் ஒரு மின்னஞ்சலில் எழுதிய சுருக்கம் இது. பழைய நிரல்களில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும்தான் இருக்கும். ‘00’ என்றால் 1900ஆ, 2000ஆ? 1965இல் பிறந்தவரின் வயது மைனஸ் 65 என்று வந்து நிற்கலாம்.

சரி, இதற்கு ஏன் தனித் தலைப்பு? ‘சரிசெய்துவிட்டோம்’ என்று சொல்லி, பிறகு கணினி காலை வாரினால் வழக்கு வரும். ‘இன்னும் முடியவில்லை’ என்றால் வாடிக்கையாளர் நழுவிவிடுவார். அதனால் நிறுவனங்கள் வக்கீல்களின் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டன. விவரம் வராத இடத்தில் வதந்தி வந்தது. மக்கள் வங்கிகளில் பணத்தை மொத்தமாக எடுத்துவிடுவார்களோ என்று அமெரிக்காவின் மத்திய ரிசர்வ் வங்கி கூடுதலாக 5,000 கோடி டாலர் நோட்டுகளைக் கையிருப்பில் வைக்க ஏற்பாடு செய்தது.

1998 அக்டோபர் 19 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் இந்த மௌனத்தைக் கலைக்கப் பார்த்தது. மேற்படி தலைப்பிட்ட அறிக்கையையே நிறுவனத்துக்கு எதிரான சான்றாக உரிமையியல் வழக்கில் காட்டுவதற்குத் தடை விதித்தது, விலக்குகளும் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் ஆவணங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே தயார்நிலை, செலவு, அபாயம், மாற்றுத் திட்டம் ஆகிய நான்கையும் எழுதச் சொல்லியிருந்தது. முதலீட்டாளரிடம் மழுப்ப வழியில்லை என்பது நல்ல ஏற்பாடுதான்.

இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது? நிரல் பிழையைக் குறிக்கும் ‘பக்’ என்பதற்கு ‘வழு’ இருக்கிறது. இலக்கணத்தில் பிழையைக் குறிக்கும் பழைய சொல். ‘பக்’கின் நேர்ப்பொருளான ‘பூச்சி’ வேண்டவே வேண்டாம். ‘புத்தாயிரம் வழு’ காதுக்கு இனிமை, ஆனால் கணக்குப்படி மூன்றாம் ஆயிரமாண்டு 2001இல்தான் தொடங்குகிறது. ‘2000ஆம் ஆண்டு வழு’ போதும். ‘டிஸ்குளோஷர்’ என்பதை ‘அறிவிப்பு’ என்றால் விளம்பரமும் அதில் அடங்கிவிடும். உள்ளே தெரிந்ததை வெளியே வைப்பது ‘வெளிப்படுத்தல்’. ஆகவே சட்டம் பற்றி எழுதும்போது ‘தயார்நிலை வெளிப்படுத்தல்’, செய்தியில் ‘தயார்நிலை அறிக்கை’ என்று எழுதலாம்.