வடிகுழாயை எடுப்பதும் அதற்குப் பிறகும்

அறுவை சிகிச்சையில் ஒரு கட்டியையோ உறுப்பையோ அகற்றிய பின், அது இருந்த இடம் உடனே மூடிக்கொள்வதில்லை. அங்கே இரத்தமும் நிணநீரும் கசிந்து தேங்கினால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது தடைபடும்; தேங்கிய நீரில் கிருமிகளும் எளிதாகப் பெருகும். இதைத் தவிர்க்கவே தோலில் சிறு துளையிட்டு மெல்லிய சிலிக்கோன் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையில் கைக்குள் அடங்கும் குமிழ் ஒன்றைப் பொருத்துகிறார்கள். குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டால், அது மீண்டும் விரிய முயலும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை நீரை இழுப்பதோடு, பிரிந்த திசு அடுக்குகளை நெருக்கியும் வைக்கிறது.

முதலில் செந்நிறமாக இறங்கும் நீர், நாளடைவில் இளஞ்சிவப்பாகி, பின்னர் வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்கும் குறைவாக, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுக்கலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அறுவையின் வகையைப் பொறுத்து இது மாறும். ஆனால் எண் சில சமயம் ஏமாற்றிவிடும். நேற்று 80 மில்லி வந்த குழாயில் இன்று 5 மில்லிதான் என்றால், மகிழ்வதற்கு முன் உறைந்த கட்டி ஏதும் குழாயை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் நீர் தேங்கும். தாமதித்தாலோ, குழாயே கிருமிகள் உள்ளே நுழையும் வழியாகிவிடும்.

எடுப்பதற்கு முன் குமிழைத் திறந்து உறிஞ்சுவிசையை நீக்குவது வழக்கம். இல்லாவிட்டால் குழாயின் பக்கத் துளைகள் திசுவைக் கவ்வியபடியே வரும். தையலை வெட்டி, நோயாளியை மெதுவாக மூச்சுவிடச் சொல்லி, நிதானமாக ஒரே இழுப்பில் வெளியே எடுக்கிறார்கள். சில நொடிகள் எரிச்சலும் இழுபடும் உணர்வும் இருக்கும். வெளியே வந்த குழாயின் நுனி முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது சிறிய வேலைதான், ஆனால் உடைந்த துண்டு உள்ளே தங்கினால் அதற்காக இன்னோர் அறுவை தேவைப்படலாம். மார்புக் குழாய்க்கு முறை வேறு: நுரையீரலைச் சுற்றிக் காற்று புகாதிருக்க மூச்சை அடக்கச் சொல்வார்கள்.

துளையைப் பெரும்பாலும் தைப்பதில்லை. அது உள்ளிருந்து வெளிநோக்கி ஆற வேண்டியது. மேலே மட்டும் மூடினால் மிச்ச நீர் உள்ளேயே அடைபடும். ஆகவே ஓரிரு நாள் மஞ்சள் கசிவு துணிக்கட்டை நனைப்பது இயல்பே. நனைந்ததும் மாற்றினால் போதும். துளை மூடும்வரை தொட்டியிலோ குளத்திலோ மூழ்கிக் குளிக்கக் கூடாது. தோலுக்கடியில் தண்ணீர்ப் பைபோலத் தளும்பும் வீக்கம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறிதாக இருந்தால் உடலே உறிஞ்சிக்கொள்ளும், பெரிதானால் ஊசியால் எடுப்பார்கள். பரவும் சிவப்பு, சீழ், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல் ஆகியவை தென்பட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.