விதைப் பொட்டலத்துக்கு வைகாசியிலேயே பதிந்து வையுங்கள்

வீட்டுக் கொல்லையில் நாலு காய்கறிச் செடி வைக்க விதையும் பழக்கன்றும் அரசே விலையில்லாமல் தருகிறது. தமிழ்நாட்டில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பாதிப்பேர் ஆடி பிறந்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

திட்டத்தின் பெயர் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, 2025 ஜூலை 4 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தார். இதில் மூன்று தொகுப்புகள் உண்டு. முதலாவது காய்கறி விதைத் தொகுப்பு: தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை. தொடங்கிய ஆண்டில் இதற்கு வைத்த இலக்கு 15 லட்சம் தொகுப்பு. அடுத்தது பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் கொண்ட பழச்செடித் தொகுப்பு, 9 லட்சம். மூன்றாவதாக மரத்துவரை, காராமணி, அவரை விதைகள், 1 லட்சம். மூன்றுக்கும் முழு மானியம். நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

"எங்களுக்கு நிலமே இல்லையே, எங்களுக்குத் தருவாங்களா?" என்று தெருவில் அடிக்கடி கேட்கிறார்கள். தருவார்கள். இது வீடுகளை நினைத்துப் போட்ட திட்டம். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத்துத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனால் பதிந்துகொள்வார்கள். தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலும் உழவன் செயலியிலும் பதியலாம். பயறு விதைக்கு மட்டும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். எந்தத் தொகுப்பு கையிருப்பில் இருக்கிறது என்று முன்னாலேயே போனில் விசாரித்துக்கொண்டால், வெயிலில் ஒரு நடை மிச்சம்.

மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு மாடித்தோட்டத் தளை என்று வேறொரு பொருள் தொகுப்பைத் துறை கொடுத்து வந்திருக்கிறது. செடி வளர்க்கும் பைகள் ஆறு, இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டிகள் ஆறு, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள், வேர் நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் அதில் இருக்கும். 900 ரூபாய்ப் பொருளை 2021-22இல் 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 450 ஆனது. இது விலையில்லாதது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு அலுவலகத்தில் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, ஏன் வைகாசி என்று சொல்கிறேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். ஆனால் பொட்டலத்தில் உள்ள ஆறில் மூன்று, நேராக மண்ணில் போடும் விதை அல்ல. தக்காளிக்கு 25 நாள் நாற்று வேண்டும், கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். ஆடியின் தொடக்கத்தில் மிளகாய் நட வேண்டுமானால் வைகாசி கடைசி வாரமே நாற்றங்கால் தூவியிருக்க வேண்டும். அதற்குள் பொட்டலம் கையில் இருக்க வேண்டுமே! ஆடியில் போய் வாங்கினால் மிளகாயும் கத்தரியும் ஆவணியில்தான் மண்ணுக்குப் போகும். புரட்டாசி, ஐப்பசி மழை வரும்போது செடி சின்னதாக நிற்கும்.

அதற்காக வாங்கியதும் எல்லாவற்றையும் தூவிவிடாதீர்கள். நான் ஒருமுறை அக்னி நட்சத்திரத்திலேயே தக்காளி பூக்கும்படி வைத்துவிட்டு, பூவெல்லாம் கொட்டிப்போனதைப் பார்த்து நின்றேன். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது. தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அதுதான் கதி. வைகாசியில் துணிந்து போடக்கூடியது கொத்தவரை. வறட்சியை நன்றாகத் தாங்கும். கீரையை மதிய நிழல் விழும் இடத்தில் மணலோடு கலந்து தூவுங்கள், 25 நாளில் பறிக்கலாம். வெண்டையும் வெயிலில் வளரும், 45 நாளில் காய்க்கும். ஆனால் வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகி, இலை நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயைப் பரப்பும். அப்படி ஒரு செடி தெரிந்ததும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. குமரி, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். அங்கே ஆனிக்கு முன்பே சாரல் பிடித்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் மண்ணைக் கொத்திக் காயவிட்டு, மக்கிய சாணத்தைக் கலந்து வையுங்கள். பச்சைச் சாணம் போட்டால் கரையான் வரும். மிச்ச விதையைத் தகரக் கொட்டகையில் வைக்கக் கூடாது. மண்பானையிலோ இறுக மூடிய டப்பாவிலோ சாம்பலோடு போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். போன வருடத்துப் பொட்டலம் கிடந்தால் பத்து விதையை ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். ஏழெட்டு முளைத்தால் போதும், அதையே தூவலாம்.

கொல்லை பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறவர்களும் உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் காய்கறித் தோட்டம் என்று வேளாண் பரிந்துரைகளில் சொல்லும் அளவு 200 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 சென்ட். கிணற்றடியில் அரை சென்ட் இருந்தாலும் கீரையும் மிளகாயும் கடையில் வாங்க வேண்டியிராது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி தேவை என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் வீடுகளில் குழம்பில் மிதக்கும் இரண்டு துண்டைத்தானே காய் என்கிறோம்? வளரும் பெண் பிள்ளைகள் தட்டில் அதுவும் குறைவு. இந்தத் திட்டத்தை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

பழக்கன்று வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றையும் ஒரே மூலையில் நெருக்கி வைத்துவிடாதீர்கள். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் சுற்றிலும் பதினைந்து அடியாவது வேண்டும். பப்பாளிக்கு ஆறடி போதும். இடம் ஒன்றுக்கே இருந்தால் பப்பாளியை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் இடமுள்ள பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பப்பாளி பத்து மாதத்தில் பழம் தந்துவிடும். தண்ணீர் தேங்கினால் மட்டும் இரண்டே நாளில் வேர் அழுகிவிடும். அதனால் பாத்திரம் கழுவும் இடத்தை விட்டுத் தள்ளி, கொஞ்சம் மேடு கட்டி வையுங்கள்.