பின்னலா, நெசவா?

தோழி ஒருத்தி தன் மகளுக்குப் பிறந்த குழந்தைக்காக நான்கு மாதம் உட்கார்ந்து குரோஷேயில், அதாவது ஒரு கொக்கி ஊசியால் நூலை வளைத்து, ஒரு போர்வை பின்னி முடித்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: “நீங்களே நெய்ததா?” எழுத்திலும் இதே கதைதான். ‘கையால் நெய்த குரோஷே போர்வை’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

குரோஷே பிரெஞ்சுச் சொல். சின்னக் கொக்கி என்று பொருள். கடைசி ‘ட்’ அங்கே ஒலிக்காது, அதனால் ‘குரோசெட்’ தவறு. பேச்சில் புழங்கும் ‘குரோஷா’ இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு நீள ஊசிகளால் பின்னும் நிட்டிங், முடிச்சுப் போடுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது.

சரி, நெய்தல் ஏன் கூடாது? நெசவுக்குத் தறி வேண்டும். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை என்று இரண்டு வகை நூல் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடந்து போக வேண்டும். தோழியின் மடியில் தறியும் இல்லை, பாவும் இல்லை. ஒரே நூலை வளைத்து ஒரு கண்ணி, அதற்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்து அடுத்த கண்ணி, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால், முடிச்சிட்டு முடிக்காத பின்னலில் கடைசிக் கண்ணியிலிருந்து கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பிரிந்து மறுபடியும் நூலுண்டையாகிவிடும். நெய்த துணியின் ஓரத்தில் இழுத்தால் ஓர் இழைதான் கையோடு வரும்.

‘பின்னல் என்றால் சடை நினைவுக்கு வருகிறதே’ என்பார்கள். வரட்டுமே. சடையும் பின்னுகிறோம், கூடையும் பின்னுகிறோம், ஸ்வெட்டரும் பின்னுகிறோம். பனியன் துணிக்குப் ‘பின்னலாடை’ என்ற பெயர் ஊரறிய நிலைத்துவிட்டது. தெளிவான சொல் கையில் இருக்கும்போது நெசவாளியின் சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்? இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் குரோஷேக்குக் கொக்கிப் பின்னல், நிட்டிங்குக்கு ஊசிப் பின்னல். கொக்கியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் உயிரோடு, அதாவது இன்னும் மூடப்படாமல், இருக்கும். ஊசியிலோ ஒரு வரிசை முழுக்கக் காத்திருக்கும், ஒன்று நழுவினாலும் ஏணிப்படி போலக் கீழே வரை பிரியும்.

போர்வை எல்லாவற்றையும் ‘கம்பளி’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. பருத்தி நூலில் பின்னியது எப்படிக் கம்பளியாகும்?

இவற்றையெல்லாம் விட மோசம், செய்முறைகளை மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில ‘ஸ்டிச்’சை அப்படியே பெயர்த்து எழுதும் ‘இருபது தையல் போடவும்’. தைக்க அங்கே துணி ஏது? துணியே இனிமேல்தான் உருவாக வேண்டும். ஊசி கையில் எடுக்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் வரும். வலைக்கும் பொறிக்கும் நாம் ஏற்கெனவே சொல்லும் கண்ணி இருக்கிறது. ‘இருபது சங்கிலிக் கண்ணி போட்டு, திருப்பி, இரண்டாவது கண்ணியில் கொக்கியை விடவும்’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவரின் விரல் தானாக நகரும்.