அடியில் படுத்துப் பாருங்கள்: பழைய ஹார்ஸ்பாக்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

"டாக்டர், இத வாங்கலாமா?" என்ற கேள்வியோடு மாதத்துக்கு இரண்டு மூன்று ஹார்ஸ்பாக்ஸ் படங்களாவது என் வாட்ஸ்ஆப்புக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே மாதிரிப் படங்கள். குதிரையை ஏற்றி வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், கழுவித் துடைத்த வெள்ளை பைபர்கிளாஸ் பெட்டி, பக்கவாட்டில் இருந்து ஒன்று. பின்பக்கச் சாய்தளத்தை இறக்கிவைத்து ஒன்று. உள்ளே பளபளவென்று புதுக் கறுப்பு ரப்பர் விரிப்பு ஒன்று. அந்த விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் படம் எடுத்து அனுப்பியதில்லை.

நான் குதிரை மருத்துவன். வேப்பேரியில் படித்து, கிண்டி லாயங்களில் கொஞ்சகாலம் கைபழகி, இப்போது தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு மேலே சம்மர்வெல்ட், ஹில்கிரெஸ்ட் பக்கம் வேலை. வண்டி விற்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில் அல்ல. அந்த வண்டிகள் குதிரைக்குச் செய்துவைக்கும் காயங்களைத் தைப்பதுதான் என் தொழில். அதனால் பெட்டியை நான் குதிரையின் காலில் இருந்து மேல்நோக்கிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

நம் ஊரில் இருந்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிய சங்கதி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வரும் குதிரைகளை லாரியிலும் வேனிலும் ஏற்றித்தான் பார்த்திருப்போம். இங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் சாட்ஸ்வொர்த், டோங்காட் குடும்பங்களுக்குக் குதிரைப் பந்தயம் தண்ணீர் பட்ட பாடு; 1897இல் தொடங்கிய டர்பன் ஜூலை பந்தயத்தைப் பற்றித் தாத்தா சொன்ன கதை ஒன்றாவது வீட்டுக்கு வீடு இருக்கும். ஆனால் கிரேவில் பந்தய மைதானத்தில் குதிரை ஓடுவதைப் பார்ப்பது வேறு, அதைப் பக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மலை இறங்குவது வேறு. மகள் ரைடிங் படிக்கிறாள், அப்பா ஒரு போனி வாங்கிக் கொடுக்கிறார், ஆறு மாதத்தில் போட்டிக்குக் கூட்டிப்போக ஒரு பெட்டி தேவைப்படுகிறது. புதுப்பெட்டி விலை கேட்டதும் பழையதைத் தேடுகிறார். தவறில்லை. நல்ல பழைய பெட்டிகள் நிறையவே இருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் கேட்டோ ரிட்ஜ் பக்கம் என்3 நெடுஞ்சாலை ஓரத்துக்கு என்னை அழைத்தார்கள். முந்தைய ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பெட்டி. பின்னால் வந்த கார்க்காரர் விளக்கை அடித்து அடித்துக் காட்டித்தான் ஓட்டியவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். தரைப்பலகை உளுத்துப்போய் போனியின் பின்னங்கால் ஒன்று கீழே இறங்கிவிட்டிருந்தது. தார்ச்சாலை குளம்பைத் தேய்த்து, அதற்கு மேல் எலும்பையும் தேய்த்திருந்தது. உயிரை அமைதியாக முடித்துவைக்கும் ஊசி போடுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை. பிறகு அந்தப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் விரிப்பு புத்தம் புதியது. அதன் கீழே பலகை ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். குதிரை பெட்டிக்குள்ளேயே மூத்திரம் பெய்யும். கழுவும் தண்ணீரும் சேர்ந்து விரிப்பின் ஓரங்கள் வழியாகக் கீழே இறங்கும். மேலே ரப்பர் மூடியிருப்பதால் மரம் காயவே காயாது. டர்பன் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். பாலிட்டோ, உம்ஹ்லாங்கா மாதிரிக் கடலோரத்தில் நிறுத்திவைத்த பெட்டி என்றால் உப்புக்காற்று கீழே உள்ள இரும்புக் குறுக்குச்சட்டங்களையும் சேர்த்துத் தின்றிருக்கும். "இது அலுமினியத் தரை, உளுக்காது" என்பார்கள். உளுக்காதுதான், ஆனால் மூத்திரம் அதையும் அரித்துக் குழிகுழியாக்கும்.

ஆகவே விரிப்பை முழுசாக வெளியே இழுத்துப் போடச் சொல்லுங்கள். ஓரத்தை ஓர் அடி தூக்கிக் காட்டுவது போதாது. கனமாக இருக்கும், இரண்டு ஆள் வேண்டும், கூட ஒருவரை அழைத்துப்போங்கள். ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து, பின்னங்கால்கள் நிற்கும் இடத்திலும் சுவரோரத்திலும் போல்ட்டுகளைச் சுற்றியும் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல பலகை கையைத் திருப்பித் தள்ளும், கெட்டுப்போனது உள்ளே வாங்கிக்கொள்ளும். அப்புறம் பழைய சட்டையோடு அடியில் படுத்து டார்ச் அடித்துக் குறுக்குச்சட்டங்களைப் பாருங்கள். மேல்துரு பெரிய விஷயமில்லை. தட்டினால் செதில்செதிலாக உதிரும் துரு பெரிய விஷயம். அடிப்பாகம் முழுக்க நேற்றுத்தான் கறுப்புப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். "விரிப்பை ஒட்டிவிட்டேன், எடுக்க முடியாது" என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

தரை மாற்ற வேண்டிய நிலையில் இருப்பதாலேயே ஒரு பெட்டியை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. சேசிஸ் நன்றாக இருந்தால் நல்ல பட்டறையில் கனமான பலகை போட்டு மாற்றிவிடலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சேசிஸே போயிருந்தால்தான் பேச்சை நிறுத்த வேண்டும்.

அடுத்தது எடை. இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். இரண்டு குதிரைக்கான பெட்டி காலியாகவே ஏறக்குறைய ஒரு டன். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை ஒன்று 450 முதல் 550 கிலோ. இரண்டை ஏற்றி, சேணம், வைக்கோல், தண்ணீர் கேன் எல்லாம் வைத்தால் இரண்டு டன்னைத் தொட்டுவிடும். "என் பக்கி 3500 கிலோ இழுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே" என்பார்கள். இழுக்கும். நிறுத்துமா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான ஹார்ஸ்பாக்ஸ்களில் இருப்பது ஓவர்ரன் பிரேக். பக்கி பிரேக் பிடிக்கும்போது பெட்டி முன்னால் வந்து கொக்கியை நெருக்குகிறது, அந்த நெருக்கலே பெட்டியின் பிரேக்கை இயக்குகிறது. சட்டப்படி 750 கிலோவுக்கு மேல் 3500 கிலோ வரை மொத்த எடை கொண்ட பெட்டிக்கு இந்த வகைப் பிரேக் போதும், ஆனால் பெட்டியின் ஜிவிஎம், அதாவது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, இழுக்கும் வண்டியின் காலி எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓட்டுநர் மிதிக்கும்போதே இயங்கும் தனிப் பிரேக் வேண்டும். இரண்டு எண்களையும் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தந்த வண்டியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் என்ற வட்டச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. பக்கி டிஸ்க்கில் 'டேர்' (காலி எடை), பெட்டி டிஸ்க்கில் 'ஜிவிஎம்'. விலை பேசுவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய சின்னப் பக்கி வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓட்டுநர் உரிமமும் இதே கணக்கில்தான். சாதாரண கார் ஓட்டும் கோட் 'பி' உரிமத்தில் 750 கிலோ ஜிவிஎம் வரையுள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். ஹார்ஸ்பாக்ஸுக்கு 'ஈபி' வேண்டும். "ஒரே ஒரு போனிதானே ஏற்றுகிறேன்" என்ற வாதம் செல்லாது. கணக்கு பெட்டியின் ஜிவிஎம், அதில் நிற்கும் போனி அல்ல. விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான்.

ஹில்கிரெஸ்டில் இருந்து பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில்லை எல்லோருக்கும் தெரியும். 2013 செப்டம்பரில் கட்டுப்பாடிழந்த லாரி ஒன்று மோதி 24 பேர் இறந்தது அந்த இறக்கத்தின் அடியில்தான். அங்கே இரண்டு டன் பின்னால் நின்று தள்ளும்போது பிரேக்கைச் சோதித்துப் பார்க்க முடியாது. விற்பவர் வீட்டு வாசலிலேயே பாருங்கள். பெட்டியின் கைப்பிரேக்கைப் போட்டு மெதுவாக முன்னால் இழுங்கள், சக்கரம் உருளக் கூடாது. கைப்பிரேக்கை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்தால், பின்னால் இருந்து 'டங்' என்று இடிக்கக் கூடாது. வருடக்கணக்கில் புல்லில் நின்ற பெட்டிகளில் கொக்கித் தண்டு இறுகிப்போயிருக்கும். கொக்கி கழன்றால் பிரேக்கை இழுக்கும் மெல்லிய கம்பி இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டயர் விஷயத்தில் தேயாத பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹார்ஸ்பாக்ஸ் டயர் ஓடித் தேய்வதில்லை, வெயிலில் நின்று கிழடாகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. வெடிப்பு விட்டிருந்தால் நான்கையும் மாற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

இனி என் சொந்தத் துறை. ஓடும் வண்டியில் குதிரை தன்னைச் சமாளிப்பது கால்களை அகட்டி நின்றுதான். நடுத்தடுப்பு தரைவரை கெட்டியாக இருந்தால் அகட்ட இடமில்லாமல், ஒவ்வொரு வளைவிலும் சுவரில் ஏறப் பார்க்கும். "எங்க குதிரை பெட்டியில உதைக்குது டாக்டர்" என்ற புகார்களில் பாதிக்கு மருந்து, தடுப்பின் கீழ்ப்பாதியைக் கழற்றிவிட்டு ரப்பர்த் திரை தொங்கவிடுவதுதான். ஃபீஸ் வாங்கவே கூச்சமாக இருக்கும். ஒற்றைக் குதிரையை ஏற்றினால் வலப்பக்கம் நிறுத்துங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், சாலை இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கிறது.

தலை தாழ்த்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். குதிரை தலையைக் கீழே போட்டுத்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியையும் சளியையும் வெளியேற்றும். தலையைத் தூக்கிக் கட்டியபடி ஜோகன்னஸ்பர்க் வரை 570 கிலோமீட்டர் கொண்டுபோனால், கிருமி நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல், சாப்பிடாமை, நெஞ்சில் நீர். பயணக் காய்ச்சல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். மார்புக்கம்பிக்கு முன்னால் தலையை இறக்க இடமுள்ள பெட்டியாகப் பாருங்கள். நீண்ட பயணத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கயிற்றைத் தளர்த்துங்கள். கூரையில் திறக்கும் காற்றுவழி, இருபக்கமும் ஜன்னல், இரண்டும் உண்மையில் திறக்கின்றனவா என்று கையால் திறந்தே பாருங்கள். பிப்ரவரி மாதம் மூயி ரிவர் டோலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்ட பெட்டியின் உள்ளே நின்று பார்த்தவன் சொல்கிறேன். கோடை கடைசியில், ஆப்பிரிக்கக் குதிரைக் கொள்ளை நோயைப் பரப்பும், கொசுவைவிடச் சின்ன மிட்ஜ் பூச்சி அந்தி முதல் விடியல் வரை சுற்றும் காலத்தில், ராத்திரிப் பயணத்தைத் தவிர்ப்பதும் நல்லது. தடுப்பூசியை ஜூன் முதல் அக்டோபருக்குள் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சாய்தளத்தின் ஸ்பிரிங் வலுவானது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் நேர் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். லாயத்து குரூம்களின் உடைந்த கைகளை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். குதிரை பின்னால் வராமல் தடுக்கும் பின்கம்பியை வெளியே இருந்தே சட்டென்று கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். ஏற்றும்போது பின்கம்பியைப் போட்ட பிறகே தலைக்கயிறு கட்ட வேண்டும், இறக்கும்போது தலைக்கயிறை அவிழ்த்த பிறகே பின்கம்பியை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டுண்ட குதிரை பின்னால் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளும்.

காகிதங்கள்: பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் இரும்பில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்ற ரோட்வொர்த்தி, அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ் வேண்டும், அது 60 நாள்தான் செல்லும். வாங்கிய 21 நாளுக்குள் உங்கள் பெயருக்குப் பதிவு செய்துவிடுங்கள். ரோட்வொர்த்தி இருக்கிறதே என்று தரையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். நீங்கள் வாங்கும் நாளில் விரிப்பைத் தூக்குவது உங்கள் கைதான்.

வாங்கி வந்த முதல் வாரம் எங்கும் போக வேண்டாம். பெட்டியைச் சமதளத்தில் பக்கியோடு மாட்டியே நிறுத்துங்கள். மாட்டாத பெட்டியில் குதிரை ஏறினால் பெட்டி பின்னால் சாய்ந்துவிடும். சாய்தளத்தை இறக்கிவைத்து, தினமும் சாயங்காலத் தீவனத்தை உள்ளே வையுங்கள். முதல் நாள் முன்னங்கால் இரண்டை வைத்துவிட்டு இறங்கிவிடும். இறங்கட்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வாளியை நீங்கள் எடுத்து வருவதற்குள் அதுவே உள்ளே போய்க் காத்து நிற்கும்.